முழு உருவமும் ஃப்ரேமுக்குள்ள: பழைய ஹாலிவுட் மியூசிக்கல் காமெடி பத்தி ஒரு பதில்

நீங்க கேட்டதை முதல்ல என் வார்த்தையில திருப்பிச் சொல்லிடறேன், நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு நீங்களே பாத்துக்கலாம். 1935ல வந்த 'டாப் ஹேட்' படத்தை யாரோ சொன்னாங்கன்னு உக்காந்து பாத்திருக்கீங்க. கதாநாயகி ஜிஞ்சர் ரோஜர்ஸ், ஹீரோ ஃப்ரெட் அஸ்டேரை தன் தோழியோட புருஷன்னு தப்பா நினைச்சுக்கறா, "உங்க பேர் என்ன"ன்னு ஒரு வார்த்தை கேட்டா தீந்துபோற குழப்பம், அதை படம் முழுக்க இழுத்துக்கிட்டே போறாங்க, நடுநடுவுல பாட்டு, கடைசியில ஜோடி சேந்துடுது. இதுக்கா இத்தனை வருஷமா இவ்வளவு கொண்டாட்டம், இது வெறும் பழசு மேல இருக்கற ஏக்கம்தானேன்னு கேட்டிருக்கீங்க. 'இதுல என்ன வசீகரம்'னு கேட்ட மாதிரி இருந்தாலும் உள்ளுக்குள்ள நீங்க கேக்கறது, கதை இவ்வளவு ஒல்லியா இருக்கற படம் எப்படி நல்ல படமா இருக்க முடியும்ங்கறதுதான்னு எனக்குத் தோணுது. அதுக்குத்தான் பதில் சொல்லப்போறேன்.

நான் சென்னையில இருபத்தெட்டு வருஷமா எடிட்டிங்ல இருக்கேன். ஆரம்பத்துல அசிஸ்டன்டா பாசிட்டிவ் ஃபிலிமை வெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தேன், அப்புறம் எல்லாரையும் போல கம்ப்யூட்டருக்கு மாறினேன், இத்தனை வருஷத்துல பாட்டு மட்டும் நூத்துக்கணக்குல கட் பண்ணியிருக்கேன். அதனால நான் பேசப்போறது எல்லாம் கட் எங்க விழுது, எங்க விழலங்கற பக்கத்துலேந்துதான். டான்ஸ் நான் படிச்சதில்ல, ஷூவால தரையைத் தட்டி தாளம் போடற டேப் டான்ஸ்ல ஒவ்வொரு அடிக்கும் பேர் சொல்லி விளக்கற தகுதி எனக்கு கிடையாது, அதைத் தெரிஞ்சவங்க யாராவது கீழ வந்து எழுதினா நானும் படிச்சு கத்துக்குவேன். எது நடந்த விஷயம், எது வாய்வழியா வர்ற கதை, எது என் சொந்த ரசனைன்னு முடிஞ்சவரைக்கும் பிரிச்சே சொல்றேன்.

ஒரு பாட்டு எடிட்டிங் டேபிளுக்கு வந்தா என்ன ஆகும்னு முதல்ல சொல்லணும். ஒரு அடி பீட்டுல விழலன்னா அந்த இடத்துல முகத்துக்கு க்ளோஸப் போட்டு மூடுவோம், ரெண்டு பேரும் ஒண்ணா திரும்பலன்னா பின்னாடி ஆடற குரூப்புக்கு கட் பண்ணுவோம், ஹீரோவுக்கு ஒரு ஸ்டெப் வரவே இல்லன்னா இடுப்புக்கு மேல மட்டும் வச்சுக்குவோம், ஆட்டம் சுமாரா இருந்தா கட் தானா வேகமாயிடும். இதை ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல மாட்டேன், இதுவும் ஒரு கைவேலைதான், நானே அதுலதான் சாப்பிடறேன். ஆனா ஃப்ரெட் அஸ்டேர் இந்த வசதி ஒண்ணுமே தனக்கு வேணாம்னு சொன்னவர். சின்ன வயசுலேந்து அக்கா அடேலோட மேடையில ஆடி வளந்தவர், 1932ல அக்கா கல்யாணம் பண்ணிக்கிட்டு மேடையை விட்டுப் போனதும் தனி ஆளா நின்னார், 1933ல 34 வயசுல சினிமாவுக்கு வந்தார். ஆர்கேஓ ஸ்டுடியோவுல அவர் பிடிச்ச பிடி இதுதான்: ஆடும்போது தலையிலேந்து கால் வரைக்கும் முழு உருவமும் ஃப்ரேமுக்குள்ள இருக்கணும், தவிர்க்க முடியாத இடத்துல மட்டும்தான் கட், பாத்து ரசிக்கற ஆளோட முகத்தை நடுவுல காட்டி ஆட்டத்தை உடைக்கக் கூடாது. கேமரா ஆடணும் இல்ல நான் ஆடணும்ங்கற அர்த்தத்துல அவர் சொன்னது இன்னைக்கும் எல்லாரும் எடுத்துச் சொல்ற பேச்சு. கேமராவை தாழ்வான சக்கர வண்டியில வச்சு அவங்க கூடவே உருட்டிக்கிட்டு போவாங்க, ஆடறவங்க நகர்ந்தா அதுவும் நகரும், நின்னா நிக்கும், அவ்வளவுதான் அதோட வேலை.

இதை நான் புத்தகம் படிச்சுத் தெரிஞ்சுக்கல. அசிஸ்டன்டா இருந்தப்ப எங்க சீனியர் ஒருத்தர் ஒரு சாயங்காலம் தேஞ்சுபோன ஒரு விஎச்எஸ் கேசட்டைப் போட்டுவிட்டு, கட் வரும்போதெல்லாம் மேஜையைத் தட்டுடான்னு சொன்னார். நீங்க பாத்த அதே 'டாப் ஹேட்', பார்க்ல மழைக்கு ஒதுங்கற அந்த பாட்டு. ஒரு மேடைக் கொட்டகைக்குள்ள ரெண்டு பேரும் மாட்டிக்கறாங்க, அவ குதிரை ஓட்டற உடுப்புல பேன்ட் போட்டுக்கிட்டு இருக்கா, அவன் மேல கோவம் இன்னும் போகல. அவன் பாடி முடிச்சுட்டு சும்மா விசிலடிச்சுக்கிட்டு நடக்கறான். அவ எழுந்து பின்னாடியே போயி அவன் நடையை அப்படியே நடந்து காட்டறா, கேலிக்குத்தான். அவன் திரும்பிப் பாத்துட்டு ஒரு அடி கூடப் போடறான், அவ அதையும் திருப்பிப் போடறா. போட்டியாவே போயிட்டு இருக்கு, ரொம்ப நேரத்துக்கு ஒருத்தரை ஒருத்தர் தொடறதே இல்ல, இடி இடிக்குது, வேகம் ஏறுது, எந்த இடத்துல கேலி போயி சந்தோஷம் வந்துச்சுன்னு சொல்லவே முடியாது. முடிச்சுட்டு கொட்டகை விளிம்புல உக்காந்து ரெண்டு பேரும் கை குலுக்கிக்கறாங்க. நான் விரலைத் தூக்கி வச்சுக்கிட்டு கட்டுக்காக காத்துக்கிட்டே இருந்தேன், கொஞ்ச நேரத்துல மேஜையைத் தட்டணும்ங்கறதே மறந்துபோச்சு. விரல் விட்டு எண்ணிடலாம், அவ்வளவு கம்மியான ஷாட். ஒரு காதல் ஆரம்பத்துலேந்து சம்மதம் வரைக்கும் வர்றதை உடைக்காம கண்ணால பாத்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

இப்ப உங்க புகாருக்கு வர்றேன். கதை ஒல்லிங்கறீங்க, ஒத்துக்கறேன். ஆனா அந்தக் குழப்பத்துக்குன்னு ஒரு வேலை இருக்கு. வெனிஸ்ல ராத்திரி விருந்துல வர்ற 'சீக் டு சீக்' பாட்டை இன்னொரு தடவை பாருங்க. அவளைப் பொறுத்தவரைக்கும் அவன் தோழி மேஜோட புருஷன். அந்த மேஜ் அவங்க ரெண்டு பேரையும் ஜோடி சேக்கணும்னு ஆசைப்பட்டு, பக்கத்து மேஜையில உக்காந்துக்கிட்டு "போங்க போங்க, இன்னும் கிட்ட ஆடுங்க"ன்னு சைகை காட்டறா. அவளுக்கு ஒண்ணும் புரியல, சொந்தப் பொண்டாட்டியே இப்படிச் சொல்றாளேன்னு திகைக்கறா, சரி அவளுக்கே கவலை இல்லன்னா எனக்கு என்னன்னு ஆடப் போறா. அதனால அந்த ஆட்டம் பூராவும் அவ முகத்துல ஆசையும் குற்ற உணர்ச்சியும் கூடவே இருக்கு, உடம்பு சாயுது, மனசு இது தப்புன்னு சொல்லுது. ஆட்டம் முடிஞ்சு அவ சுவத்துல சாஞ்சு நிக்கற இடத்துல வசனமே கிடையாது, அந்த முகத்தைப் பாருங்க. குழப்பத்தை முதல் அரைமணி நேரத்துலயே தீத்து வச்சிருந்தா இது ரெண்டு அழகான பேர் ஆடற ஒரு நல்ல ஆட்டமா மட்டும் இருந்திருக்கும். நாம சிரிக்கற அதே குழப்பம்தான் அவளுக்கு வேதனையா இருக்கு, ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது. மியூசிக்கல் காமெடின்னு பேர் வச்சதுல காமெடிங்கற பாதி என்ன வேலை செய்யுதுன்னு கேட்டா நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

இன்னொரு காரணமும் இருந்துச்சு. 1934 நடுவுலேந்து ஹாலிவுட்ல தணிக்கை விதிகளை ரொம்பக் கறாரா அமல்படுத்த ஆரம்பிச்சாங்க, காதலிக்கறவங்க எவ்வளவு நெருங்கலாம், முத்தம் எவ்வளவு நேரம்ங்கறது எல்லாத்துக்கும் கணக்கு வந்துடுச்சு. அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் சேந்து நடிச்ச படங்கள்ல முத்தம்ங்கறது ரொம்ப அபூர்வம். அதைச் சொல்ற பொறுப்பு பூராவும் ஆட்டத்து மேல விழுந்துடுச்சு. தணிக்கை நல்லதுன்னு நான் சொல்ல வரல, ஆனா அந்த நெருக்கடியில இவங்க கண்டுபிடிச்ச வழி அழகானது. அதே படத்துல ஆரம்பத்துல அவன் ஹோட்டல் அறையில ராத்திரி டேப் ஆடி கீழ் அறையில தூங்கிக்கிட்டு இருந்தவளை எழுப்பி விட்டுடறான், அவ மேல வந்து சண்டை போட்டுட்டுப் போறா, அவன் உடனே தரையில மணலைத் தூவி, சத்தம் வராம, காலால தாலாட்டு பாடற மாதிரி ஆடி அவளைத் தூங்க வைக்கறான். அவ கீழ, அவன் மேல, நடுவுல ஒரு தளம். இதைவிட மரியாதையா, இதைவிட நெருக்கமா ஒரு காதல் காட்சி எழுதச் சொன்னா என்னால முடியாது.

சுத்தி நிக்கற ஆளுங்களையும் விட்டுடக் கூடாது. மேஜோட நிஜ புருஷனா வர்ற எட்வர்ட் எவரெட் ஹார்ட்டன் ஒரு விஷயத்தைக் கேட்டு சந்தோஷமா தலையாட்டிட்டு, ரெண்டு நொடி கழிச்சு அதோட அர்த்தம் மண்டையில ஏறினதும் முகம் விழறது இருக்கே, அந்த ரெண்டு நொடியை எந்த எடிட்டராலயும் உண்டாக்க முடியாது, அது அவர் உடம்புக்குள்ள இருந்த கடிகாரம். வேலைக்காரனா வர்ற எரிக் ப்ளோர், தன்னை எப்பவும் 'நாங்க'ன்னே சொல்லிக்கிட்டு முதலாளியோட கழுத்து டை சரியில்லன்னு மௌனப் போராட்டம் நடத்தற ஆள். மேஜா வர்ற ஹெலன் ப்ராடரிக் ஒரு வரியைக்கூட குரலை உயத்திச் சொல்ல மாட்டாங்க. ஆடாதவங்களுக்கும் ஒரு தாளம் இருந்ததாலதான் வசனத்துலேந்து பாட்டுக்குப் போகும்போது பள்ளத்துல வண்டி இறங்கின மாதிரி தெரியறதில்ல.

இதெல்லாம் ஒரு ராத்திரியில வந்துடல. 1927ல பேசும் படம் வந்தப்ப மைக் நகராது, கேமராவோட இரைச்சல் பதிவாகக் கூடாதுன்னு கேமராவையே ஒரு அறைக்குள்ள அடைச்சு வச்சாங்க, பாட்டுன்னா செட்டுக்குப் பக்கத்துலயே ஆர்க்கெஸ்ட்ரா உக்காந்து வாசிக்கும், ஒரே நேரத்துல எடுக்கணும். 1929ல எம்ஜிஎம் எடுத்த 'த பிராட்வே மெலடி'யில ஒரு பாட்டை எடுத்த விதம் பிடிக்காம திரும்ப எடுக்கணும்னு ஆனப்ப, ஒலிப்பதிவுப் பிரிவுத் தலைவர் டக்ளஸ் ஷியரர், பாட்டு ஏற்கனவே நல்லாத்தானே பதிவாகியிருக்கு, அதையே ஸ்பீக்கர்ல ஓடவிட்டு ஆடச் சொல்லி எடுத்தா போதுமேன்னு யோசனை சொன்னார். பிளேபேக்குக்கு பொதுவா இதைத்தான் ஆரம்பம்னு சொல்றது. நம்ம செட்டுல நாக்ரா டேப் ரெக்கார்டர்ல பாட்டை ஓடவிட்டு எடுத்த முறைக்கு மூலம் இங்கதான் இருக்கு. பாட்டு கேமராகிட்டேந்து பிரிஞ்சதும் கேமராவுக்கு கால் முளைச்சுடுச்சு. ஆனா கால் முளைச்சா மட்டும் போதாதே, 1930ல ஸ்டுடியோக்கள் மியூசிக்கலா எடுத்துத் தள்ளி ஜனங்களுக்கு சலிச்சுப் போச்சு. அந்தச் சமயத்துல 1932ல ரூபன் மமூலியன் எடுத்த 'லவ் மி டுநைட்' ஒரு ரத்தினம். பாரிஸ்ல ஒரு தையல்காரன் கடையில முணுமுணுக்கற பாட்டை வாடிக்கையாளர் வாங்கிக்கறான், அவன்கிட்டேந்து டாக்ஸி டிரைவர், அப்புறம் ரயில்ல போற சிப்பாய்கள், அப்புறம் நாடோடிகளோட வயலின், கடைசியா எங்கயோ ஒரு கோட்டை மாடத்துல நிக்கற இளவரசி காதுக்கு அந்தப் பாட்டு போய்ச் சேருது. தையல்காரனும் இளவரசியும் இன்னும் சந்திக்கவே இல்ல, ஆனா பாட்டு ரெண்டு பேரையும் கட்டிடுச்சு. எடிட்டிங்கால மட்டுமே முடியற காரியம் இது, அஸ்டேர் செஞ்சதுக்கு நேர் எதிர்ப் பக்கம். அதனால கட் இல்லாம இருந்தாத்தான் நல்ல மியூசிக்கல்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க.

பஸ்பி பெர்க்லியும் அப்படித்தான். முதல் உலகப் போர்ல ராணுவத்துல அணிவகுப்பு நடத்தின மனுஷன், வார்னர் பிரதர்ஸ்ல 1933ல '42வது தெரு', 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933'னு வரிசையா பாட்டுகளை எடுத்தார். கேமராவை உச்சிக்கு ஏத்தி கீழ பாத்து வைப்பார், பெண்கள் பூவா விரிவாங்க, சக்கரமா சுத்துவாங்க. எனக்கு அவர் மேல மரியாதை நிறைய, பாசம் கொஞ்சம் கம்மி, ஏன்னா தனி மனுஷன் அங்க காணாமப் போயிடறான், இது என் ரசனை மட்டும்தான். ஆனா 'இதெல்லாம் வெறும் கனவு விக்கற படம்'னு சொல்றவங்களுக்கு நான் காட்டறது 'கோல்ட் டிக்கர்ஸ்'தான். பணம் கொழிக்குதுன்னு நாணயத்தையே உடுப்பா மாட்டிக்கிட்டு ஜிஞ்சர் ரோஜர்ஸ் பாடற ஒத்திகையோட படம் ஆரம்பிக்குது, பாட்டு முடியறதுக்குள்ள கடன்காரங்களுக்காக அதிகாரிங்க உள்ள புகுந்து அந்த உடுப்பைக்கூட பிடுங்கிட்டுப் போறாங்க. கடைசிப் பாட்டு, போர்ல சண்டை போட்டுட்டு வந்து இப்ப வேலை இல்லாம சோத்துக்கு வரிசையில நிக்கற ஆம்பளைங்களைப் பத்தினது. பொருளாதார மந்தம் உச்சத்துல இருந்த வருஷம் அது. ஒரு மியூசிக்கல் காமெடி கல்யாணத்துல முடியாம அந்த வரிசையில போய் முடியுது, எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு நெஞ்சை அடைக்கும்.

இப்ப உழைப்பு பத்தி, இங்கதான் உண்மையும் கதையும் ரொம்ப கலந்து கிடக்கு. 1936ல வந்த 'ஸ்விங் டைம்' கடைசி ஆட்டத்தை ஒரே நாள்ல நாப்பது டேக்குக்கு மேல எடுத்தாங்க, ஜிஞ்சர் ரோஜர்ஸோட ஷூவுக்குள்ள ரத்தம்னு சொல்லுவாங்க. ரத்தம் வந்ததை அவங்களே சொல்லியிருக்காங்க, டேக் எண்ணிக்கை மட்டும் ஆளுக்கு ஒண்ணா மாறும், அதனால எண்ணை விட்டுடுங்க, படத்தைப் பாருங்க, மாடிப்படி ஏறி மேல போற இடத்துலதான் ஒரு கட், மத்தபடி பூராவும் ஓடிக்கிட்டே இருக்கு. 'சீக் டு சீக்'ல அவங்க போட்டிருந்த இறகு உடுப்புலேந்து இறகு உதிந்து அஸ்டேர் எரிச்சலானது நிஜம், உத்துப் பாத்தா ஒண்ணு ரெண்டு இறகு பறக்கறது படத்துலயே தெரியும். நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, டேப் சத்தம் பெரும்பாலும் செட்டுல பதிவானது கிடையாது, படம் எடுத்து முடிச்சப்புறம் திரையைப் பாத்து திரும்ப காலால தட்டிச் சேத்தது. அஸ்டேர் தன்னோடதை தானே தட்டுவார், ஜிஞ்சரோட அடிகளை பல படங்கள்ல தட்டினது டான்ஸ் மாஸ்டர் ஹெர்மஸ் பான். ஒத்திகையில ஜிஞ்சர் இல்லாத நேரம் அஸ்டேரோட ஜோடியா ஆடிப் பாக்கறதும் அவர்தான். இப்படி வாரக்கணக்கா ஒத்திகை நடக்கும். கஷ்டம் திரையில தெரியக்கூடாதுங்கறதுக்காகவே அத்தனை கஷ்டம். 1951ல 'ராயல் வெட்டிங்'ல அவர் சுவத்துலயும் கூரையிலயும் ஆடறதைப் பாத்திருப்பீங்க, அறையையே ஒரு பெரிய உருளைக்குள்ள கட்டி, கேமராவையும் கேமராமேனையும் அதோட சேத்துக் கட்டி சுத்த விட்டாங்க. ரகசியம் தெரிஞ்சப்புறமும் எனக்கு அந்தக் காட்சி குறையவே இல்ல, எந்த நொடியில எந்தப் பக்கம் கீழ வரும்னு காலுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

எம்ஜிஎம்ல ஆர்தர் ஃப்ரீட்ங்கற தயாரிப்பாளரோட குழு நாப்பதுகள்லயும் ஐம்பதுகள்லயும் எடுத்த படங்கள்தான் இந்த வகையோட உச்சம்னு பலரும் சொல்லுவாங்க, நானும் ஒத்துக்கறேன். அந்த ஸ்டுடியோவுல சொந்த ஆர்க்கெஸ்ட்ரா, சொந்த தையல் பிரிவு, சொந்த ஒத்திகை அரங்கம், மாசச் சம்பளத்துக்கு இசையமைப்பாளர், எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள. 1952ல வந்த 'சிங்கிங் இன் த ரெயின்' எப்படி உருவாச்சுன்னா, ஃப்ரீட் முன்னாடி பாட்டு எழுதறவரா இருந்தப்ப நேசியோ ஹெர்ப் ப்ரவுனோட சேந்து எழுதின பழைய பாட்டுகளைக் கொடுத்து, இதுக்கு ஒரு கதை பண்ணுங்கன்னு பெட்டி காம்டன், அடால்ஃப் க்ரீன் ரெண்டு பேர்கிட்ட சொன்னார். பாட்டுக்கு அப்புறம்தான் கதை. அவங்க யோசிச்சாங்க, இந்தப் பாட்டெல்லாம் பேசும் படம் பொறந்த காலத்துது, அப்ப கதையையும் அந்தக் காலத்துலயே வச்சுடலாம்னு. செடிக்குள்ள மைக்கை ஒளிச்சு வைக்கறது, கதாநாயகி தலையைத் திருப்பினா குரல் காணாமப் போறது, தியேட்டர்ல சிங்க் தவறி, அதாவது உதட்டசைவும் குரலும் பொருந்தாமப் போயி, ஆம்பளை குரல்ல பொம்பளை பேசறதுன்னு நாம சிரிக்கறது எல்லாமே அந்த 1928, 29 செட்டுகள்ல நிஜமா பட்ட அவஸ்தைகளுக்கு ரொம்ப கிட்ட இருக்கு. சிங்க் தவறிப் போறது என்ன வயித்தெரிச்சல்னு எங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் தெரியும், அதனால எனக்கு அந்தக் காட்சியில சிரிப்போட ஒரு பழைய பயமும் சேந்து வரும்.

அந்தப் படத்துல இன்னொரு அடுக்கும் இருக்கு. குரல் நல்லா இல்லாத நட்சத்திரம் லீனாவுக்கு டெபி ரெனால்ட்ஸ் நடிச்ச கேத்தி பின்னணிக் குரல் கொடுக்கறாங்கறதுதான் கதை. ஆனா நிஜத்துல, கேத்தி லீனாவுக்கு டப்பிங் பேசற இடத்துல நாம கேக்கறது லீனாவா நடிச்ச ஜீன் ஹேகனோட சொந்தக் குரல், அவங்களுக்கு இயல்பாவே அருமையான குரல், கீச்சுக் குரல் நடிப்புக்காக. அதே மாதிரி அவ லீனாவுக்காகப் பாடற பாட்டுல வர்றது பெட்டி நாய்ஸ்ங்கற பாடகியோட குரல், அவங்க பேர் டைட்டில்ல கிடையாது. குரல் கொடுக்கறவளை திரைக்கு முன்னாடி கொண்டுவந்து நிறுத்தற கதை, தன்னோட பாடகியை திரைக்குப் பின்னாடியே வச்சுக்கிச்சு. பின்னணிப் பாடகரோட பேரைச் சொல்லியே பாட்டைக் கேட்டு வளந்த நமக்கு இது கொஞ்சம் வலிக்கும். 1964ல 'மை ஃபேர் லேடி'யில ஆட்ரி ஹெப்பர்னுக்காகப் பெரும்பாலான பாட்டைப் பாடின மார்னி நிக்ஸனுக்கும் டைட்டில்ல பேர் கிடைக்கல.

மழைப் பாட்டு பத்தி ஒரு விஷயம், மழை தெரியறதுக்காக தண்ணியில பால் கலந்தாங்கன்னு ஒரு கதை சுத்திக்கிட்டு இருக்கு, அது சரியில்ல, பின்பக்கத்துலேந்து விளக்கு போட்டாலே மழை பளிச்சுனு தெரியும், அதைத்தான் செஞ்சாங்க. படத்தோட ஹீரோ ஜீன் கெல்லி அன்னைக்கு கடுமையான காய்ச்சலோட ஆடினார்ங்கறது பரவலா ஏத்துக்கிட்ட விஷயம். டெபி ரெனால்ட்ஸுக்கு அப்ப 19 வயசு, முறையா டான்ஸ் கத்துக்கிட்டவங்க இல்ல, சோபாவைக் கவுக்கற 'குட் மார்னிங்' பாட்டு முடிஞ்சப்ப கால்ல ரத்தம். அவங்க ஒரு பியானோவுக்கு அடியில உக்காந்து அழுததையும், அஸ்டேர் வந்து தன் ஒத்திகையைப் பாக்கக் கூட்டிட்டுப் போனதையும் அவங்களே பிற்பாடு சொல்லியிருக்காங்க. இவ்வளவு கொண்டாடற இந்தப் படத்துக்கு ரெண்டே ரெண்டு ஆஸ்கர் பரிந்துரைதான், ரெண்டும் கிடைக்கல. அதுக்கு முந்தின வருஷத்து 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' சிறந்த படத்துக்கான விருதையே வாங்கினது. இன்னைக்கு எதை ஜனங்க திரும்பத் திரும்பப் பாக்கறாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

ஆனா எனக்கு ஒரே ஒரு காட்சியை வச்சுக்கோன்னு சொன்னா 1953ல வின்சென்ட் மினெல்லி எடுத்த 'த பேண்ட் வேகன்' படத்துல பார்க்ல வர்ற ஆட்டத்தைத்தான் எடுத்துக்குவேன். அஸ்டேர் வயசாகிட்டு வர்ற சினிமாக்காரர், சிட் சரிஸ் பாலே ஆடறவங்க, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல, சேந்து ஆட வருமான்னே ரெண்டு பேருக்கும் உள்ளூர பயம். குதிரை வண்டியில பார்க்குக்கு வந்து, நாலு பேர் ஜோடி ஜோடியா ஆடிக்கிட்டு இருக்கற இடத்தைத் தாண்டி, ஒண்ணும் பேசாம நடக்கறாங்க. நடந்துக்கிட்டே இருக்காங்க. நடையில ஒரு சின்ன திருப்பம், அவ்வளவுதான், இன்னும் நடைதான், அடுத்த நொடி ஆட்டம். எந்த அடியில நடை ஆட்டமாச்சுன்னு ஃப்ரேம் ஃப்ரேமா ஓட்டிப் பாத்திருக்கேன், இந்த ஃப்ரேம்னு என்னால கை வைக்க முடியல. பாட்டு வரி ஒண்ணும் கிடையாது, வாத்திய இசை மட்டும்தான். முடிச்சுட்டு அதே வண்டியில ஏறி உக்காந்துக்கறாங்க, சேந்து ஆட முடியுமாங்கற கேள்விக்கு பதில் வந்துடுச்சு. நீங்க கேட்ட 'கதை எங்க'ங்கறதுக்கு நான் குடுக்கற பதிலும் இதுதான், கதை இங்க நடக்குது, வசனம் வந்து நம்மளை இந்த இடத்துல இறக்கி விட்டுட்டுப் போற வண்டி.

ஏக்கம்தானேன்னு கேட்டீங்களே, 1935 லண்டன் ஹோட்டல் மேல எனக்கு என்ன ஏக்கம் இருக்க முடியும், நானும் பாத்ததில்ல எங்க அப்பாவும் பாத்ததில்ல. அதுவுமில்லாம 'டாப் ஹேட்'ல வர்ற அந்த வெள்ளை வெளேர்னு இருக்கற வெனிஸ் 1935லயும் பூமியில எங்கயும் கிடையாது, ஸ்டுடியோவுக்குள்ள கட்டின செட் அது, அன்னைக்கு டிக்கெட் வாங்கிப் பாத்த ஜனங்களுக்கும் அது இல்லாத ஊர்தான்.

குறையே இல்லன்னு நான் சொன்னா அது பொய். 'ஸ்விங் டைம்'ல அஸ்டேர் முகத்துல கறுப்பு மை பூசிக்கிட்டு ஆடற ஒரு பாட்டு இருக்கு, கறுப்பின டேப் கலைஞர் பில் ராபின்சனோட பட்டப்பேர் அதோட தலைப்புல இருக்கு, மரியாதைக்காகன்னு சொல்லுவாங்க, ஆட்டம் பிரமாதமாவே இருக்கு, ஆனா அந்த மையை அந்தக் காலம் அப்படின்னு சொல்லி என்னால கடந்துபோக முடியல. ஏன்னா அந்தக் கலையை உண்டாக்கினதுல பெரும்பங்கு யாருக்கோ, அவங்களுக்கு இந்தப் படங்கள்ல முழுப் பாத்திரம் கிடைக்கல. கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் பாடற பாட்டுகளை, தெற்கு மாகாணத் தியேட்டர்கள்ல வெட்டி எடுத்தாலும் கதை கெடாத மாதிரி தனியா நிறுத்தி எடுத்தாங்க. எடிட்டரா எனக்கு இது தாங்கவே முடியாத விஷயம், வெட்டறதுக்குன்னே எடுத்த ஷாட். 1943ல 'ஸ்டார்மி வெதர்'னு கறுப்பினக் கலைஞர்களே நடிச்ச ஒரு படம் வந்துச்சு, அதுல ஃபயார்ட், ஹரால்ட்னு நிக்கலஸ் சகோதரர்கள் ரெண்டு பேர் பெரிய படிக்கட்டுல ஒருத்தர் தலைக்கு மேல ஒருத்தர் தாவி, கால் ரெண்டும் விரிய விழுந்து, கை ஊனாம எழுந்து, திரும்பத் தாவி இறங்குவாங்க. இதுவரைக்கும் படமான மியூசிக்கல் காட்சியில இதுதான் சிறந்ததுன்னு அஸ்டேர் அவங்ககிட்ட சொன்னதா சொல்லுவாங்க. அவர் சொன்னாரோ இல்லையோ, நான் சொல்லுவேன். இவங்க ரெண்டு பேரும் மையமா நிக்கற பத்து படம் வந்திருக்கணும், வரல.

அப்புறம் ஏன் இந்த வகை நின்னுபோச்சுன்னு அடுத்து கேப்பீங்க. 1948ல அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால ஸ்டுடியோக்கள் தங்களோட தியேட்டர்களைப் பிரிக்க வேண்டியதாச்சு, டிவி வீட்டுக்குள்ள வந்துச்சு, மாசச் சம்பள ஏற்பாடு கலைஞ்சுது, வாரக்கணக்கா ஒத்திகை பாக்கறதுக்கு யாரும் காசு கொடுக்கத் தயாரா இல்ல. ரசனை மாறினதும் உண்டு, ஆனா எது எவ்வளவு பங்குன்னு தராசுல நிறுத்துச் சொல்ற மாதிரி இல்ல.

இன்னொரு தடவை முயற்சி பண்றதா இருந்தா 'டாப் ஹேட்'டை உடனே திரும்பப் பாக்காதீங்க. முதல்ல 'சிங்கிங் இன் த ரெயின்', யாரா இருந்தாலும் அது உள்ள இழுத்துடும். அப்புறம் 'த பேண்ட் வேகன்', அதுக்கப்புறம் 'ஸ்டார்மி வெதர்'ல அந்த ஒரு காட்சியாவது. இதெல்லாம் பாத்துட்டு 'டாப் ஹேட்'டுக்குத் திரும்பி வாங்க, ஆட்டம் வரும்போது முதல் தடவை காலைப் பாருங்க, ரெண்டாவது தடவை ஜிஞ்சர் ரோஜர்ஸ் முகத்தை மட்டும் பாருங்க, அவங்க கேக்கறதும் யோசிக்கறதும் அவன் மேல நம்பிக்கை வர்றதும் எல்லாம் ஆடிக்கிட்டே நடிக்கறாங்க, எனக்கு அது புரியவே பத்து வருஷம் ஆச்சு. எந்த பிரதியைப் பாக்கறீங்கன்னும் கவனிச்சுக்கோங்க. ஐம்பதுகளோட ஆரம்பம் வரைக்கும் வந்த படங்கள் பெரும்பாலும் கிட்டத்தட்ட சதுரமான ஃப்ரேம், நெட்ல கிடைக்கற சில பிரதிகள்ல இப்பத்த டிவியோட அகலத்துக்கு நிரப்பணும்னு மேலயும் கீழயும் வெட்டியிருப்பாங்க, அதுல முதல்ல போறது கால்தான். ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கற பிரதியா பாத்து எடுங்க.